விலை குறி பார்க்காது

“பெல்லட்ல மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க சார், பையன் கை கெட்டுடும்.” பிள்ளையைத் துப்பாக்கி சுடும் விளையாட்டில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் பலர் முதலில் கேட்கும் அறிவுரை இதுதான். கடைக்காரர் சொல்கிறார், முன்பே சேர்ந்த பிள்ளைகளின் அப்பாக்கள் சொல்கிறார்கள், பயிற்சியாளர்களில் சிலரும் சொல்கிறார்கள். சொல்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் இது தவறான அறிவுரை. இலக்கு அட்டையின் அளவுகளை வைத்துப் பார்த்தாலும் தவறு, குழலுக்கும் குண்டுக்கும் உள்ள உறவை வைத்துப் பார்த்தாலும் தவறு. எல்லாவற்றுக்கும் மேலாக, மாதச் சம்பளக் குடும்பத்துப் பிள்ளைகளை இந்த விளையாட்டிலிருந்து சத்தமில்லாமல் வெளியேற்றுவது இந்த அறிவுரைதான்.

நசரத்பேட்டையை எடுத்துக்கொள்வோம். பெங்களூரு நெடுஞ்சாலையும் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் ஊர். ஒருபுறம் பொறியியல் கல்லூரி, மறுபுறம் ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் குடும்பங்கள், சற்றுத் தள்ளிச் செம்பரம்பாக்கம் ஏரி. வடக்கே ஆவடி. அங்கே டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது, ராணுவ உடை தைக்கும் தொழிற்சாலை இருக்கிறது, மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் வளாகமும் இருக்கிறது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, கவச வாகன நிறுவனத்தின் தலைமையகம் ஆவடிக்கே வந்தது. ஆக, இந்தப் பகுதி மக்களுக்குத் துப்பாக்கி என்பது சினிமாவில் மட்டும் பார்த்த பொருள் இல்லை. அப்பாவோ சித்தப்பாவோ படையில் இருந்திருப்பார், இல்லையென்றால் தொழிற்சாலையில் இருந்திருப்பார். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்த அக்கா .22 ரைஃபிளால் சுட்டிருப்பாள்.

விளையாட்டாக அது இந்தப் பக்கத்து வீடுகளின் பேச்சில் அடிபடத் தொடங்கியது அண்மையில்தான். நடிகர் அஜித்குமார் எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில் உள்ள ரைஃபிள் கிளப்பில் பயிற்சி எடுத்ததும், 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் கலந்துகொண்டு பதக்கங்கள் வென்றதும் அதற்கு ஒரு காரணம். பாரீஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியது இன்னொரு காரணம். சட்டமும் வழிவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டியில் பயன்படும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளின் ஆற்றல் ஏறக்குறைய 7.5 ஜூல்தான். துப்பாக்கியை எப்படியோ கடன் வாங்கியோ, பழையது பார்த்தோ ஏற்பாடு செய்துவிடலாம். தீராத செலவு அதில் போட்டுச் சுடும் சிறு ஈயக் குண்டான பெல்லட்.

அந்தச் செலவைக் கணக்குப் போட்டால் சங்கதி புரியும். ஒரு டப்பாவில் 500 பெல்லட். தினம் நூறு சுட்டால் ஐந்து நாளில் டப்பா காலி. வருடத்துக்கு 300 நாள் பயிற்சி என்றால் 30,000 பெல்லட், அதாவது 60 டப்பா. போட்டித் தரப் பெல்லட்டுக்கும் அதே கம்பெனியின் பயிற்சித் தரப் பெல்லட்டுக்கும் இடையே டப்பாவுக்கு 300 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டாலும், வருடத்துக்கு 18,000 ரூபாய். தனியார் ஆலையில் வேலை பார்ப்பவருக்கு இது கண்ணில் படாத தொகை இல்லை. ‘நல்ல பெல்லட் வாங்கித்தர முடியாவிட்டால் இந்த விளையாட்டே வேண்டாம்’ என்று முடிவெடுக்கிற வீடு, 18,000 ரூபாய்க்காக ஒரு பிள்ளையின் ஆசையைக் கைவிடுகிறது. அந்தப் பணத்துக்கு ஈடாக அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யாரும் அளந்து சொல்லவில்லை. அதை இங்கே அளந்து பார்த்துவிடலாம்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கு அட்டையின் நடுவில் இருக்கும், பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம். பெல்லட் 4.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து. அப்படியானால் பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் பத்து, 5 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் ஒன்பது. எலெக்ட்ரானிக் இலக்கில் ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு மதிப்பெண்ணுக்கும் கால் மில்லிமீட்டர். உச்சபட்சம் 10.9.

சராசரி ஒன்பது எடுக்கும் பிள்ளை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அறுபது ஷாட்டில் 540. ஓரிரு வருடம் பழகிய பிள்ளை எடுக்கக்கூடிய மதிப்பெண். அந்தப் பிள்ளையின் ஷாட்கள் மையத்திலிருந்து சராசரியாக ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தள்ளி விழுகின்றன. இந்த விலகலில் கை நடுக்கம், மூச்சு, டிரிகர் இழுப்பு எல்லாம் அடக்கம். இப்போது துப்பாக்கியை வைஸில் இறுக்கி, மனிதக் கை படாமல் பத்து ஷாட் சுடுவோம். சுமாரான, ஆனால் ஒழுங்கான பயிற்சிப் பெல்லட் ஒன்று ஓரத்துக்கு ஓரம் 7 மில்லிமீட்டர் ஓட்டை போடுகிறது, உயர்ந்த விலைப் பெல்லட் 6 மில்லிமீட்டர் ஓட்டை போடுகிறது என்று கொள்வோம். பெல்லட்டின் அகலத்தைக் கழித்துப் பார்த்தால், முதலாவதின் சராசரி விலகல் சுமார் 0.8 மில்லிமீட்டர், இரண்டாவதின் விலகல் 0.5.

கையின் பிழையையும் பெல்லட்டின் பிழையையும் நேராகக் கூட்டக் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் எந்தத் திசையிலும் போகக்கூடியவை. ஒன்று இடப்பக்கம் இழுக்கும்போது மற்றொன்று வலப்பக்கமும் தள்ளலாம். அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கு. 5-இன் வர்க்கம் 25, 0.8-இன் வர்க்கம் 0.64. மொத்த விலகல் 5.06 மில்லிமீட்டர். உயர்ந்த பெல்லட்டில் 5.02. வித்தியாசம் 0.04 மில்லிமீட்டர். அறுபது ஷாட்டுக்கும் சேர்த்து மதிப்பெண்ணாக மாற்றினால் ஒரு மதிப்பெண்கூட முழுதாகத் தேறவில்லை.

வருடம் 18,000 ரூபாய்க்கு ஒரு மதிப்பெண்ணுக்கும் குறைவான லாபம். அதே பிள்ளை டிரிகரை அமுக்கிய பிறகு தலையைத் தூக்காமல் ஒரு கணம் நிற்கப் பழகினால் கிடைக்கும் முன்னேற்றம் இதைவிடப் பல மடங்கு. அதற்குச் செலவே இல்லை.

உச்சியில் இருப்பவர்களின் கணக்கு வேறு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் பாரீஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 630.7 எடுத்துப் பத்தாவது இடம் வந்தார். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அதே சுற்றில் 631.5 எடுத்த ரமிதா ஜிந்தால் ஐந்தாவது. இருவருக்கும் நடுவே 0.8 மதிப்பெண். அறுபது ஷாட்டுக்குப் பங்கிட்டால் ஷாட்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு! இளவேனிலின் ஷாட்கள் மையத்திலிருந்து சராசரியாக ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் விலகுகின்றன. கையின் பிழை ஒரு மில்லிமீட்டராகிவிட்டவருக்கு அதே 0.8-க்கும் 0.5-க்கும் உள்ள வித்தியாசம் அறுபது ஷாட்டில் ஏறத்தாழ நான்கு மதிப்பெண். நான்கு மதிப்பெண் என்றால் பதக்கத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் இடையில் உள்ள தூரம். அவருக்கு வேண்டியது மிகச் சிறந்த பெல்லட்தான், அதில் பேரம் கிடையாது. 540 எடுக்கும் பிள்ளைக்கு அவருடைய டப்பாவைக் கொடுத்துவிட்டால் அவருடைய மதிப்பெண் வரும் என்று நம்புவதில்தான் கோளாறு.

அடுத்து, விலை உயர்ந்த பெல்லட் எல்லாத் துப்பாக்கியிலும் நன்றாகவே சுடும் என்ற எண்ணம். இதுவும் பொய். ஒரே கம்பெனி, ஒரே மாடல் குழல்கள் இரண்டை எடுத்தாலும் உள்துளை மயிரிழை மாறும். அதனால்தான் பெல்லட் தயாரிப்பாளர்கள் டப்பாவின் மேல் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவைத் தனித்தனியாக அச்சிட்டு விற்கிறார்கள். நூறில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டுக்குத் தனி டப்பா எதற்கு என்று ஒருவர் நின்று யோசித்தாலே போதும். எந்தத் தலை எந்தக் குழலுக்குப் பொருந்தும் என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று தயாரிப்பாளரே ஒப்புக்கொண்ட சாட்சி அது. 4.49 கேட்கும் குழலில் 4.51 போட்டால், டப்பா எத்தனை விலையானாலும் ஓட்டை அகலும். அந்தக் குழலுக்கு ஏற்ற பயிற்சித் தரப் பெல்லட் அதைத் தோற்கடிக்கும்.

பெரிய ரைஃபிள்களில் இந்த உண்மை இன்னும் பட்டவர்த்தனம். அமெரிக்காவில் .223 ரைஃபிள் வைத்திருப்பவர்கள் பலர் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, புதுத் தீமூட்டி (பிரைமர்), மருந்து, குண்டு வைத்து வீட்டிலேயே மறுபடி அடைத்துக்கொள்கிறார்கள். பயிற்சிக்கு மொத்தமாக வாங்கிய மலிவுக் குண்டு, போட்டிக்குத் தனிக் குண்டு என்று பிரித்து வைப்பது அவர்களிடம் சாதாரண வழக்கம். அவர்களில் புதிதாக வருபவர் செய்யும் பெரிய தப்பு, போட்டிக்காரர்கள் பயன்படுத்தும் 77 கிரெயின் எடையுள்ள நீளமான குண்டை வாங்கிப் பழைய ரைஃபிளில் போடுவது. குழலுக்குள் இருக்கும் சுருள் வரிகள் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் வெட்டப்பட்டிருந்தால், 55 கிரெயின் எடையுள்ள சாதாரணக் குண்டு நேராகப் போகும். 77 கிரெயின் குண்டுக்கு அந்தச் சுழற்சி போதாது. அது தள்ளாடிப் புரண்டு, அட்டையில் வட்ட ஓட்டைக்குப் பதிலாகப் பக்கவாட்டில் குண்டின் முழு நீளத்துக்குக் கிழிசல் போடும். 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள குழலில் அதே குண்டு ஒரே ஓட்டையில் விழும். அந்தக் குண்டின் விலையில் எந்த மாற்றமும் இல்லை, மாறியது குழல் மட்டும்.

(இந்த வழி நமக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். தோட்டாவின் உதிரிபாகங்களும் அவற்றைச் செய்யும் இயந்திரமும்கூட அச்சட்டத்தில் தோட்டா என்றே கணக்கு. ‘வீட்டிலேயே அடைத்துக் காசு மிச்சம் பிடிக்கலாம்’ என்று வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு யாரும் இறங்க வேண்டாம். .22 தோட்டாவைப் பொதுவாக எந்த நாட்டிலும் மறுபடி அடைப்பதில்லை. அதன் தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் பற்ற வைக்கிறது.)

.22 பற்றிப் பேச்சு வந்ததால், எதிர்த்தரப்பின் மிகப் பலமான சான்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பாரீஸில், .22 தோட்டா சுடும் 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்துக்காரர், அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அவர் பழகிய காலத்தில் ஒரு தோட்டா 120 ரூபாய் என்றும், அவருடைய தந்தை கடன் வாங்கித் தோட்டா வாங்கித் தந்தார் என்றும் பதக்கம் வந்த நாள்களில் செய்திகள் வந்தன. “பாருங்கள், கடன் வாங்கியாவது நல்ல தோட்டா வாங்கித் தந்ததால்தான் பதக்கம்” என்று இதைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே செய்திகளில் இன்னொன்றும் இருந்தது: ஒரு தோட்டாவைக்கூட வீணாக்க முடியாது என்பதால் அவர் ஒவ்வொன்றையும் மிகக் கவனமாகச் சுட்டார் என்பது. விலையை மட்டும் எடுத்துக்கொண்டு கவனத்தை விட்டுவிட்டால் அந்தத் தந்தையின் கடனுக்கு அர்த்தமில்லாமல் போகும்.

50 மீட்டரில் தோட்டாவின் தரம் 10 மீட்டரைவிட முன்னதாகவே கணக்கில் வருகிறது என்பது உண்மை. ஏர் ரைஃபிள் பெல்லட் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்பி, இலக்கை அடைவதற்குள் 17 மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது. ஷாட்டுக்கு ஷாட் வேகம் 3 சதவீதம் மாறினால் இறக்கம் ஒரு மில்லிமீட்டர் மாறும். .22 தோட்டா விநாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 50 மீட்டரில் சுமார் 12 சென்டிமீட்டர் இறங்குகிறது. அங்கே அதே 3 சதவீதம் 7 மில்லிமீட்டர் ஆகிவிடும். அந்த இலக்கில் வளையத்துக்கு வளையம் 8 மில்லிமீட்டர்தான். கிட்டத்தட்ட ஒரு முழு மதிப்பெண்! மருந்து அளவில் ஒழுங்கில்லாத தோட்டா, எந்தத் தவறும் செய்யாத சுடுநரையும் பத்திலிருந்து ஒன்பதுக்கு இறக்கிவிடும்.

இதிலிருந்து ‘அப்படியானால் விலை கூடியதையே வாங்கு’ என்ற முடிவுக்குத் தாவுவது அவசரம். .22 உலகத்தின் உச்சியில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? தங்கள் ரைஃபிளை எடுத்துக்கொண்டு இங்கிலாந்தில் ஈலி, ஜெர்மனியில் லப்புவா போன்ற தயாரிப்பாளர்களின் சோதனை மையத்துக்குப் போகிறார்கள். அங்கே அந்தக் குழலை இறுக்கிப் பூட்டி, ஒரே பெயர் கொண்ட தோட்டாவிலேயே வெவ்வேறு லாட்களை, அதாவது தயாரிப்புத் தொகுதிகளை, சுட்டுப் பார்க்கிறார்கள். நெருக்கமாக விழும் லாட்டை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். பெயரும் விலையும் ஒன்றாக இருந்தும் ஒரு லாட் தேறும், ஒரு லாட் தேறாது. லப்புவாவின் மிடாஸ் பிளஸும் அதைவிட மலிவான சென்டர் எக்ஸும் ஒரே தயாரிப்பு வரிசையில் வருபவை. சோதனையில் காட்டும் நெருக்கத்தை வைத்து வேறு வேறு பெட்டிக்குப் போகின்றன. கம்பெனியின் சோதனைக் குழலில் இரண்டாம் இடம் பெற்ற லாட், ஆவடிக்காரர் ஒருவரின் குழலில் முதலிடம் பெறுவதற்குத் தடையேதுமில்லை. விலை கூடக் கூட நல்ல லாட் கிடைக்கும் வாய்ப்பு கூடும் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதற்கு மேல் விலை எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை.

இனி, பயிற்சியாளர்கள் சொல்லும் வாதம். மலிவுப் பெல்லட்டில் பழகும் பிள்ளைக்குத் தப்பு தன் கையுடையதா, பெல்லட்டுடையதா என்று தெரியாமல் போய்விடும் என்கிறார்கள். நியாயமான கவலை. ஆனால் அதற்கு மருந்து விலை உயர்ந்த டப்பா இல்லை, பெல்லட்டின் பிழையை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்வது. வைஸில் பத்து பத்தாக மூன்று நான்கு முறை சுட்டு, அந்த அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து ஷாட் போதாது. ஐந்து ஷாட்டில் எந்தக் குப்பைப் பெல்லட்டும் அதிர்ஷ்டத்தில் ஒரே ஓட்டை போட்டுவிடும். 7 மில்லிமீட்டருக்குள் அடங்கினால் அந்தப் பெல்லட்டின் எந்தத் தவறும் பத்து வளையத்தைத் தாண்டாது. பிறகு ஒன்பதோ எட்டோ விழுந்தால் அது கைதான், சந்தேகமே வேண்டாம். 9, 10 மில்லிமீட்டர் என்று சிதறினால் அது மலிவென்றாலும் வேண்டாம். மலிவான எதையும் வாங்கலாம் என்று யாரும் இங்கே வாதிடவில்லை.

இதைவிடப் பழைய, நல்ல பழக்கம் ஒன்று உண்டு. ஷாட் போனதும் திரையைப் பார்ப்பதற்கு முன்பே, “வலப்பக்கம், ஒன்பதரை” என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு பார்க்க வேண்டும். தன் ஷாட் எங்கே போனது என்று சொல்லத் தெரிந்த பிள்ளையைப் பெல்லட் ஏமாற்ற முடியாது. என்.சி.சி. முகாமில்கூட முதலில் கற்றுத்தருவது குரூப்பிங்தான்: ஐந்து தோட்டாவும் எங்கே விழுந்தாலும் பரவாயில்லை, ஒன்றாக விழ வேண்டும். மையத்துக்குக் கொண்டுவருவது அடுத்த பாடம். கையில் எண்ணிக் கொடுக்கும் சில தோட்டாக்களை வைத்துக்கொண்டே அந்த அடிப்படையைப் பல்லாயிரம் மாணவர்கள் கற்றிருக்கிறார்கள்.

“போட்டி நாளில் திடீரென்று பெல்லட்டை மாற்றினால் குழம்பிவிடும்” என்பது இன்னொரு வாதம். யாரும் போட்டி நாளில் மாற்றச் சொல்லவில்லை. மூன்று வாரம் முன்பே போட்டிப் பெல்லட்டுக்கு மாறிவிடலாம். பெல்லட் மாறினால் விழும் இடம் சற்று நகரும், சைட்டில் சில கிளிக் திருப்ப வேண்டியிருக்கும். அதற்காகத்தான் போட்டிக்கு முன் 15 நிமிடம் ஆயத்தத்துக்கும் சோதனை ஷாட்டுக்கும் தருகிறார்கள்.

டப்பாவைத் திறந்த பிறகு நடப்பதை யாரும் பேசுவதில்லை, இங்கேதான் பணம் உண்மையில் வீணாகிறது. பெல்லட் மெல்லிய ஈயம். அதன் பின்பக்கத்துப் பாவாடை போன்ற ஓரம் நகத்தால் அழுத்தினாலே வளையும். ரேஞ்சில் போய்ப் பாருங்கள்: விலை உயர்ந்த டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளி ஜாக்கெட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, சாவிக்கொத்தோடு உரசவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துச் சுடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தரையில் விழுந்ததைத் துடைத்து மறுபடி போடுகிறார்கள். ஓரம் நசுங்கிய பெல்லட்டின் பின்னால் காற்று ஒரு பக்கமாகக் கசியும், அது நேராகப் போகாது. சென்னையின் ஈரக் காற்றில் மூடாமல் வைத்த ஈயத்தின் மேல் சில வாரத்தில் வெள்ளைப் பூச்சு படிந்துவிடும். ஒரு கண்ணாடித் துண்டைச் சற்றே சாய்த்து வைத்துப் பெல்லட்டை உருட்டிவிட்டால், நசுங்கியது வளைந்து ஓடிக் காட்டிக்கொடுக்கும். பயிற்சித் தரப் பெல்லட்டை இப்படிப் பத்து நிமிடம் பொறுக்கி எடுத்தால் அதன் ஓட்டை கண்ணெதிரே சுருங்கும். கையில் ஈயம் ஒட்டும் என்பதால், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும் என்பதை டப்பாவின் விலையைவிட அழுத்தமாகப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

இன்னொரு தப்பெண்ணமும் கடைகளில் உலவுகிறது. கூர்மையான முனை உள்ள பெல்லட் நேராகப் போகும், அதுதான் ‘வேட்டை மாடல்’, அதனால் உசத்தி என்பது. போட்டியில் யாரும் கூர்முனை பயன்படுத்துவதில்லை. தட்டைத் தலைப் பெல்லட் அட்டையில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல் சுத்தமான வட்டம் வெட்டும், மதிப்பெண்ணைச் சண்டையில்லாமல் படிக்கலாம். கூர்முனையோ அட்டையைக் கிழிக்கும். அந்த முனை மையத்திலிருந்து இம்மி விலகி அமைந்திருந்தாலும் பெல்லட் ஆடும். வேட்டை என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உரிமம் தேவையில்லாத ஏர் ரைஃபிள் என்பதால் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கொக்கையும் நாரையையும் சுடலாம் என்று நினைக்கும் இளைஞர், ஒரு டப்பா பெல்லட்டுக்காக வழக்கில் மாட்டிக்கொள்வார். ஏர் ரைஃபிள் கையில் வைத்திருக்கும் எல்லோர் மேலும் ஊர் சந்தேகப்படவும் அவரே காரணமாவார்.

மிச்சமாகும் பணத்துக்கு இந்த விளையாட்டில் வேலை நிறைய இருக்கிறது. பழைய ஏர் ரைஃபிள் வாங்கும்போது அதன் காற்று சிலிண்டரின் தேதியைப் பார்க்காமல் வாங்கி மாட்டிக்கொண்ட வீடுகள் உண்டு. சிலிண்டருக்குப் பத்து வருடம்தான் ஆயுள். தேதி முடிந்த சிலிண்டரைச் சர்வதேசப் போட்டி விதிகள் அனுமதிக்காது, அதைவிட முக்கியம், அது ஆபத்து. முதலில் அதை மாற்ற வேண்டும். உடம்புக்கு அளவான ஜாக்கெட் வேண்டும். அண்ணனுடைய தொளதொள ஜாக்கெட்டில் நின்று சுடும் பிள்ளையின் முதுகை எந்தப் பெல்லட்டும் நிறுத்தி வைக்காது. நசரத்பேட்டையிலிருந்து எழும்பூர் போய்வரும் செலவு, ரேஞ்ச் கட்டணம், வருடத்துக்கு இரண்டு போட்டி அதிகமாகப் போய்வரும் ரயில் டிக்கெட் எல்லாம் அந்த 18,000 ரூபாயில் பெரும்பாலும் அடங்கிவிடும். போட்டியில் நின்று கை நடுங்கிய அனுபவம் டப்பாவில் விற்பதில்லை.

எல்லாவற்றையும்விட மலிவானது, பெல்லட்டே இல்லாத பயிற்சி. போட்டி ஏர் ரைஃபிள்கள் பெரும்பாலானவற்றில் காற்று வெளியேறாமல் டிரிகரை மட்டும் இயக்கும் வசதி இருக்கிறது. வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு கரும்புள்ளி ஒட்டி, துப்பாக்கி காலியாக இருப்பதை இருமுறை பார்த்துவிட்டு, தினம் அரை மணி நேரம் நிற்பது. உலகச் சாம்பியன்களும் செய்வது. சத்தம் இல்லை, ஓட்டை இல்லை, மதிப்பெண் இல்லை. அதனால்தான் டிரிகர் விழும் கணத்தில் முனை எப்படி அசைகிறது என்பது அப்போது பளிச்சென்று தெரிகிறது. நூறு பெல்லட் சுடும் நாளை அறுபது பெல்லட்டும் நாற்பது காலி டிரிகருமாக மாற்றினால், வருடத்துக்கு 24 டப்பா குறையும். பிள்ளை பின்தங்காது.

இந்தச் சோதனையை எல்லாம் ஒவ்வொரு பெற்றோரும் தனியாகச் செய்ய முடியாது என்பது வாஸ்தவம். வைஸ் எல்லா வீட்டிலும் இருக்காது, ஆறு வகைப் பெல்லட்டில் ஆளுக்கொரு டப்பா வாங்கிச் சுட்டுப் பார்க்கப் பணமும் இருக்காது. இது கிளப்புகள் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஒரு நல்ல வைஸ், ஐந்தாறு வகைப் பெல்லட், ஒவ்வொன்றிலும் இரண்டு தலை அளவு. வரும் பிள்ளைகளின் துப்பாக்கியை ஒவ்வொன்றாக இறுக்கிச் சுட்டு, எந்தக் குழலுக்கு எது சேர்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடலாம். பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரே லாட்டில் மொத்தமாக வாங்கினால் விலையும் இறங்கும், அடுத்த டப்பா வேறு மாதிரி சுடுகிறதே என்ற தலைவலியும் போகும். கல்லூரிகளும் ஆலைகளும் நிறைந்த இந்த மேற்குப் புறநகரில், ஒரு வைஸைப் பொருத்தித் தரவும் அளவெடுக்கவும் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. முடிவுகளை ரேஞ்சின் பலகையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும்: பெல்லட்டின் பெயர், தலை அளவு, லாட் எண், சுட்ட குழலின் எண், ஓட்டையின் அகலம். விலையைக் கடைசிக் கட்டத்தில் எழுதினால் போதும்.